ஒரே வாரத்தில் ஐந்து ‘பள்ளி’: எல்லாம் ஒரே சொல்தானா?

அச்சுக்கடை (தென்காசி) கேட்டது:

தென்காசியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஃபிளெக்ஸ் எல்லாம் செய்வேன். பதினெட்டு வருடமாக எழுத்தோடுதான் பிழைப்பு. ஆனால் எழுத்துக் கோப்பவன் பொருளைப் பார்ப்பதில்லை. ஒற்று விட்டுப்போச்சா, போட்டோ மங்கலா இருக்கா, இவ்வளவுதான் கண்ணில் படும்.

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் நேரம்தான் எங்களுக்குச் சீசன். போன வாரம் மட்டும் வந்த வேலைகள் இவை. ஒரு பள்ளிக்கு ஆண்டுவிழா அழைப்பிதழ். பெருமாள் கோயிலுக்குத் திருப்பள்ளியெழுச்சி கட்டளைதாரர் நோட்டீஸ். ஐயப்ப பக்தர்கள் குழுவுக்கு ‘பள்ளிக்கட்டு சபரிமலைக்கு’ என்று பெரிதாகப் போட்டு ஃபிளெக்ஸ். ஒரு பள்ளிவாசலுக்குக் கட்டட நிதி நோட்டீஸ். ஐந்தாவதாக, ஆரியங்காவு தாண்டிப் புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சேட்டன் வந்தார். அங்கே எஸ்டேட்டில் இருக்கும் தமிழ்க்காரர்களுக்காகத் தமிழிலும் ஒரு நோட்டீஸ் வேண்டுமாம், பள்ளிப் பெருநாளுக்கு.

கம்ப்யூட்டரில் நான் ஃபைலுக்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: பள்ளி, பள்ளி புதுசு, பள்ளி ஃபைனல், பள்ளி ஃபைனல் கடைசி. அவசரத்தில் ஐயப்பன் ஃபிளெக்ஸ் புரூப் ஜமாஅத் செயலாளர் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனுஷன். “சாமியே சரணம், எங்க நோட்டீஸ் எங்கே தம்பி?” என்று குரல் செய்தி அனுப்பினார். அது போகட்டும். சேட்டனுக்கு நான் போட்ட பார்டர்தான் பெரிய கூத்து. ‘பள்ளி’ என்று சொன்னாரே என்று நாலு மூலையிலும் பிறையும் மினாராவும் வைத்துவிட்டேன். மனுஷர் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர்கள் ஊரில் சர்ச்சுக்கும் பள்ளிதானாம்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க இதே யோசனை. பெருமாள் தூங்குவதும் பள்ளி, பாய் தொழுவதும் பள்ளி, சேட்டன் கும்பிடுவதும் பள்ளி, சாமிமார் தலையில் தூக்குவதும் பள்ளி, என் பையன் போக மாட்டேன் என்று அழுவதும் பள்ளி. இதெல்லாம் ஒரே சொல்லா, இல்லை ஒரே மாதிரி ஒலிக்கிற வேறு வேறு சொற்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பையனிடம் கேட்டேன். “பள்ளின்னா தூங்குற இடம்ப்பா, அதான் கிளாஸ்ல தூங்குறேன்” என்கிறான்.

நெல்லைச்சீமை:

இதில் குழம்ப என்ன இருக்கிறது அண்ணாச்சி? எல்லாம் சமணம். சமண முனிவர்கள் மலைக்குகையில் கல்படுக்கை வெட்டிப் படுத்தார்கள், அது பள்ளி. அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள், அது பள்ளிக்கூடம். பின்னால் வந்த மதங்கள் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டன. ஊர்ப்பெயரில் பள்ளி இருந்தால் அங்கே சமணர் இருந்தார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். திருச்சிராப்பள்ளி என்பதே சிரா என்ற சமண முனிவர் பெயரில் வந்தது. முடிஞ்சு போச்சு.

ஓய்வுபெற்ற டீச்சர் (மதுரை):

நெல்லைச்சீமை சொல்வதில் பாதி சரி. ‘கண்ணை மூடிக்கொண்டு’ என்கிற பாதிதான் வம்பு.

முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளிகளில் தமிழ் நடத்தினேன். பள்ளி என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட அது என்ன சொல் என்று யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு மலைமலையாகச் சுற்றும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன். அவர்களோடு மாங்குளம் பக்கத்தில் மீனாட்சிபுரத்து மலை ஏறினேன். மூட்டுவலியோடு ஏறியதால் எனக்கு அது இமயமலை. மேலே குகையில் கல்லில் படுக்கைகள். வெறும் பாறைதான், ஆனால் தலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் உயர்த்தி வழவழப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஒன்றில் படுத்துப் பார்த்தேன். அந்த வெயிலிலும் முதுகில் சில்லென்றிருந்தது. இறங்க மனசு வரவில்லை.

மழைத்தண்ணீர் உள்ளே வராமல் குகை நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அங்கேதான் எழுத்து இருக்கிறது, தமிழ் பிராமி. நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வருகிறது. அவனுடைய ஆளான கடலன் வழுதி என்பவன், கணி நந்தன் என்ற துறவிக்காகக் கொட்டுவித்த ‘பளிஇய்’ என்று முடிகிறது. அந்தக் காலத்தில் இரட்டை மெய்யை ஒற்றையாகவே எழுதிவிடுவது உண்டு. ஐராவதம் மகாதேவன் போன்ற எழுத்தறிஞர்கள் இதைப் பள்ளி என்றே கொள்கிறார்கள். சுமார் 2,200 வருடத்துப் பழைய எழுத்து. அச்சுக்கடைத் தம்பி, உங்கள் ஃபைல் பெயரைத்தான் அங்கே பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இதுவரை நெல்லைச்சீமை கட்சிதான் நானும். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் இப்படிப் பதினேழு படுக்கைகள் உண்டு. ஊர்க்காரர்கள் பல மலைகளில் இதைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். பாண்டவர் ஐந்து பேர்தானே, மிச்சம் யாருக்கு என்று கேட்டால் கோபம் வரும்.

ஆனால் இலக்கியத்துக்குள் வாருங்கள். குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. தினைப்புனத்தில் கிளி விரட்டும் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவன் நடுராத்திரியில் பெருமூச்சு விடுகிறான். ‘பானாள் பள்ளி யானையின் உயிர்த்து’ என்கிறார். பள்ளி யானை என்றால் தூங்குகிற யானை. அங்கே சமணமும் இல்லை, சாமியும் இல்லை. ஒருதலைக் காதலும் யானையின் மூச்சும்தான். தொல்காப்பியம் பிறப்பியலுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. எழுத்தொலிகள் எங்கெங்கே பிறக்கின்றன என்று சொல்லி முடித்துவிட்டு ‘சொல்லிய பள்ளி எழுதரு வளி’ என்கிறது. நெஞ்சு, மிடறு, தலை என்று முன்னே சொன்ன இடங்களில் எழும் காற்று என்று அர்த்தம். அங்கே பள்ளி என்றால் வெறும் ‘இடம்’.

மதுரைக்காஞ்சியில் எங்கள் ஊரைச் சுற்றிக் காட்டும் மாங்குடி மருதனார் பௌத்தர் இடத்தைக் ‘கடவுட் பள்ளி’ என்கிறார். வேதம் ஓதுகிறவர்கள் இருக்கும் இடத்தை ‘அந்தணர் பள்ளி’ என்கிறார். சமணர் இடத்துக்கு அவர் போடும் சொல்லோ ‘சேக்கை’. அதுவும் படுக்கைக்கு உள்ள சொல்தான்! ஆக, சங்க காலத்திலேயே பள்ளி எந்த ஒரு மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்படவில்லை. இருக்கிற இடம், தங்குகிற இடம், உடம்பைக் கிடத்துகிற இடம் என்பதுதான் அடிப்படை. வீடு வாசல் இல்லாத துறவிகள் தங்கிய இடத்துக்கும் அது பொருந்தியது, அங்கே ஒட்டிக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

ஊர்ப்பெயர் விஷயத்துக்கு அப்பர் பதில் சொல்லிவிட்டார். அடைவுத் திருத்தாண்டகத்தில் பள்ளி என்று முடியும் சிவத்தலங்களை ஒரே பாட்டில் அடுக்குகிறார்: சக்கரப்பள்ளி, காட்டுப்பள்ளி, செம்பொன்பள்ளி, நனிபள்ளி, சிராப்பள்ளி. எல்லாம் சமணம் என்று எப்படிச் சொல்வது? சில இடங்களில் சமணத் தடம் உண்மையிலேயே உண்டு. திருச்சி மலையிலும் கல்படுக்கை இருக்கிறது, சிரா என்ற பெயரும் அங்கே வெட்டியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை வைத்து எல்லா ஊருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

பள்ளிக்கூடம் மட்டும் துறவிகள் வழியாகவே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். வந்தவாசிப் பக்கம் வேடல் என்று ஓர் ஊர். அங்கே முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. கனகவீரக் குரத்தியார் என்று ஒரு பெண் துறவி, ஆசிரியை. அவரிடம் ஐந்நூறு மாணாக்கர். எதிர்த்தரப்பில் நானூறு பேர். ரெண்டு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. ஊர்க்காரர்கள் குரத்தியார் தரப்புக்குச் சோறும் காவலும் கொடுக்கப் பொறுப்பேற்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் ஐந்நூறு பேரைக் கட்டி மேய்த்திருக்கிறாள். எனக்கு அறுபது பேரைச் சமாளிப்பதற்குள் தொண்டை கட்டிவிடும்.

காயல்காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும். எனக்கு ஊர் காயல்பட்டினம். எங்களுக்குப் பள்ளி என்றால் முதலில் தொழுகிற இடம்தான். “பள்ளிக்குப் போனியா?” என்று உம்மா கேட்டால் “தொழுதியா?” என்று அர்த்தம். பிள்ளைகள் படிக்கப் போவது இஸ்கூல். கொஞ்சம் வயசானவர்கள் பள்ளிக்கூடம் என்பார்கள், ‘கூடம்’ சேர்த்தால்தான் அது படிப்பு. பள்ளிவாசல் என்று முழுசாகச் சொல்வது நோட்டீஸிலும் வெளியூர்க்காரரிடமும்தான். கட்டடத்துக்குள்ளேயும் உள்பள்ளி, வெளிப்பள்ளி என்று பிரிப்போம். ஜமாஅத்து நேரத்தில் இடம் கிடைக்காமல் வெளிப்பள்ளியில் நின்று தொழுதவனுக்கு வித்தியாசம் தெரியும்.

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ராமநாதபுரத்துப் பக்கம் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் தெரியும்தானே? அந்தக் கோயில் கல்வெட்டு ஒன்றில், பாண்டியர் காலத்து ஆணை, பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற ஊரில் சோனகரின் பிழார்ப்பள்ளிக்கு வரியில்லாத நிலம் விட்ட செய்தி இருக்கிறது. சோனகர் என்றால் எங்கள் ஆட்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பள்ளிவாசலுக்குப் பள்ளி என்றுதான் பெயர், அதுவும் அரசாங்க எழுத்தில்.

இன்னொன்று. அதே கோயிலில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருப்பார், தர்ப்பசயன ராமர். பள்ளிகொண்ட ராமர் உள்ளே, சோனகர் பள்ளி சுவரில்.

தோவாளைப்பூ:

சேட்டன் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் குமரி மாவட்டம், பாதிப் பேச்சு அந்தப் பக்கம்தான்.

கேரளத்தில் சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி. இது நேற்று வந்த வழக்கம் இல்லை. கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்று ஒரு கிறிஸ்தவப் பள்ளி இருந்தது. அதற்கு வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் நிலமும் உரிமைகளும் கொடுத்த செப்பேடு கி.பி. 849. சேர அரசன் தாணு ரவியின் ஐந்தாம் ஆண்டு. வட்டெழுத்தில் இருக்கிறது. நம் கல்வெட்டுத் தமிழ் படித்துப் பழகியவர் கொஞ்சம் முட்டி மோதினால் புரிந்துகொள்ளலாம். சாட்சிக் கையெழுத்துகள் மட்டும் அரபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில். மூன்று தேசத்து வியாபாரிகள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட ஆவணத்தில் ‘பள்ளி’ சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது.

இனி பள்ளிக்கட்டு. இது எல்லாருக்கும் இடிக்கிற இடம். இருமுடி எங்கே, படுக்கை எங்கே என்று. மலையாளத்தில் ராஜாவையோ சாமியையோ சேர்ந்த எதற்கும் முன்னால் ‘பள்ளி’ போடுவது மரியாதை. நாம் ‘திரு’ போடுவது மாதிரி. பகவதியின் வாள் பள்ளிவாள். ஆறன்முளையில் வள்ளங்கள் போகிறதே, அது வெறும் ஓடம் இல்லை, பள்ளியோடம். சாமி வேட்டைக்குப் போனால் பள்ளிவேட்டை. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் திருவிழாவில் ஆராட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அரச குடும்பத்து மூத்தவர் ஓர் இளநீரை அம்பெய்து துளைப்பார், அதுதான் அங்கே பள்ளிவேட்டை. அந்தக் கணக்கில் பள்ளிக்கட்டு என்றால் திருக்கட்டு, அவ்வளவுதான். அரசன் கட்டில் பள்ளிக்கட்டில், சாமி படுக்கும் அறை பள்ளியறை என்று தொடங்கி, போகப்போகப் படுக்கை கழன்றுபோய் மரியாதை மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இது மலையாளத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாகப் பூக்கட்டுதான் தொழில். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் சாமிக்குச் சாத்தும் மாலைக்குத் ‘திருப்பள்ளித்தாமம்’ என்று பெயர். தாமம் என்றால் மாலை. இதற்கென்றே நந்தவனம், நிலம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். மாலை எங்கே தூங்குகிறது? அதுவும் மரியாதைப் பள்ளிதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அதிகாலை மூணு மணிக்குச் சந்தையில் பிச்சிப்பூவுக்கு மல்லுக்கட்டும்போது கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. விலையில் ஒரு மாற்றமும் இல்லை.

ராகிக்களி:

கிருஷ்ணகிரியிலிருந்து. எங்கள் பக்கம் பள்ளிக்கு மதமே கிடையாது, அது ஊர். அதுவும் சின்ன ஊர். எங்கள் தொகுதிப் பெயரை ஓரிடத்தில் வேப்பனப்பள்ளி என்று எழுதியிருக்கும், இன்னோர் இடத்தில் வேப்பனஹள்ளி என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றுதான். பழைய கன்னடத்து ‘ப’ பின்னால் பல சொற்களில் ‘ஹ’ ஆகிவிட்டது. நம் பால் அங்கே ஹாலு, நம் புலி அங்கே ஹுலி. அதேபோலப் பள்ளி ஹள்ளியானது. அதைத் தமிழில் எழுதும்போது சிலர் ஹ-வையும் தூக்கிவிட்டு ‘அள்ளி’ என்று எழுதுவார்கள், மாரண்டஅள்ளி மாதிரி. ஆந்திரா பக்கம் போனால் பல்லெ, மதனப்பள்ளி. தமிழ் நிகண்டுகளிலும் பள்ளிக்கு இடையர் ஊர், சிற்றூர் என்று பொருள் உண்டு. ஆடுமாடு அடைந்து ஆள் படுக்கிற இடம் ஊராகிவிட்டது என்று எடுத்துக்கொண்டால் டீச்சர் சொன்ன ‘கிடக்கிற இடம்’ சரியாக வருகிறது.

வேலை ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் அண்ணா, இங்கே ஃபிளெக்ஸ் ரேட் அதிகம்.

வாவிக்கரை (மட்டக்களப்பு):

இலங்கையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. சிங்களத்தில் ‘பள்ளிய’ என்றால் தேவாலயம், பள்ளிவாசலுக்கும் அதே சொல். ஆனால் பாடசாலையை ‘பாசல’ என்பார்கள். படிப்பும் தூக்கமும் கடல் தாண்டவில்லை, கும்பிடுவது மட்டும் தாண்டியிருக்கிறது. எங்கட முஸ்லிம் சகோதரர்கள் பள்ளிவாசலைப் ‘பள்ளிவாயல்’ என்றும் எழுதுவார்கள்.

நெல்லைச்சீமை:

டீச்சர், அப்பர் பாட்டு ஞாபகம் வரவில்லை, அந்த இடத்தில் தோற்றேன். ஆனால் ‘பள்ளிச்சந்தம்’ என்று கல்வெட்டில் வந்தால் அது சமண, பௌத்த நிலம்தானே? அதையாவது விட்டுக்கொடுங்கள்.

அச்சுக்கடை (தென்காசி):

அடேயப்பா, ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் இவ்வளவு நடந்திருக்கிறது. எல்லாருக்கும் நன்றி. டீச்சர், இன்னொன்று விட்டுப்போச்சு. ‘பள்ளிப்படை’ என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பள்ளிப் பிள்ளைகளின் சாரணர் படை மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். சுடுகாட்டுக் கோயில் என்கிறாரே ஒருவர்?

ஓய்வுபெற்ற டீச்சர் (மதுரை):

நெல்லைச்சீமைக்கு முதலில். பள்ளிச்சந்தம் உங்களுக்கே. சிவன், பெருமாள் கோயில் நிலம் தேவதானம், பிராமணருக்கு விட்டது பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிக்கு விட்டது பள்ளிச்சந்தம் என்று சோழர் கணக்கில் தனித்தனித் தலைப்பு. திருக்கோவிலூர்ப் பக்கம் பள்ளிச்சந்தல் என்று ஓர் ஊரே இருக்கிறது. பெரிய உதாரணம் ஆனைமங்கலம். கடல் கடந்த கிடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். அந்த விகாரத்துப் பள்ளிக்கு ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1006இல், ஆனைமங்கலம் ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்டான். கட்டியவன் பௌத்தன், கொடுத்தவன் சிவபக்தன். அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. பின்னால் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டில் அங்கே ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி என்று இரண்டு பேசப்படுகின்றன.

இனி பள்ளிப்படை. தம்பி, சாரணர் படை என்பதை என் வகுப்பில் சொல்லியிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் ஏற்றியிருப்பேன்.

இறந்த அரசர்களைச் சங்க காலத்தில் ‘துஞ்சிய’ என்பார்கள், அதாவது தூங்கிய. புறநானூற்றில் ஒரு சோழனுக்குப் பெயரே குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன். குராப்பள்ளியில் இறந்தவன். இன்னொருத்தன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, பாண்டியன். உயிரோடு இருந்தபோது ரெண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து ஒரு புலவர் பாடிய பாட்டு இருக்கிறது. பாட்டில் பலராமனும் கண்ணனும் சேர்ந்து நிற்பது போல இருக்கிறீர்கள், இப்படியே நட்பாயிருங்கள் என்கிற தொனி. அடிக்குறிப்பைத் தொகுத்தவர்களோ ரெண்டு பேரையும் செத்த இடத்தை வைத்துத்தான் அடையாளம் காட்டுகிறார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு ஒருபோதும் சிரிப்பு வந்ததில்லை.

அந்தத் தூக்கத்தின் நீட்சிதான் பள்ளிப்படை. அரசனோ அரசியோ இறந்த பிறகு அவர்கள் நினைவாக, அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில். மேல்பாடியில் ஒன்று இருக்கிறது. ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்காகக் கட்டியது. கல்வெட்டு அவனைச் செத்தவன் என்று சொல்லவில்லை, ‘ஆற்றூர்த் துஞ்சின தேவர்’ என்கிறது. ஆற்றூரில் தூங்கிப்போனவர். பட்டீசுவரம் பக்கத்தில் இன்னொன்று, பஞ்சவன்மாதேவீச்சுரம். ராஜராஜனின் தேவியருள் ஒருத்தி பஞ்சவன்மாதேவி. ராஜேந்திரனுக்குச் சிற்றன்னை முறை. பெற்ற தாயில்லை, ஆனாலும் அவளுக்குப் பள்ளிப்படை எடுத்திருக்கிறான். கும்பகோணம் போகிறவர்கள் பெரிய கோயில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை இங்கேயும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

அப்புறம் உங்கள் பையனிடம் சொல்லுங்கள். அவன் சொன்னது தப்பே இல்லை. பெருமாள்தான் பள்ளிகொள்வார் என்று பார்த்தால், ஆந்திர எல்லையில் சுருட்டப்பள்ளியில் சிவனே படுத்திருக்கிறார், பள்ளிகொண்டீசுவரர். ஆலகாலம் குடித்த அசதி. பையனுக்கு என்ன அசதி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி போன் பார்க்கிறானா?

அச்சுக்கடை (தென்காசி):

பார்க்கிறான் டீச்சர், எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ.

ஃபைல் பெயரெல்லாம் மாற்றிவிட்டேன். பெருமாள், ஐயப்பன், ஜமாஅத், ஆண்டுவிழா, சேட்டன். சேட்டன் நோட்டீஸில் பிறையை எடுத்துவிட்டுச் சிலுவை வைத்தாகிவிட்டது. ஒரு சந்தேகம் பாக்கி. ‘பள்ளிப் பெருநாள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டால், எஸ்டேட்டில் தமிழ் படிக்கிறவர்கள் ரம்ஜான் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா? ‘தேவாலயத் திருவிழா’ என்று நானே மாற்றிவிடட்டுமா?

காயல்காற்று:

பெருநாள் எங்களுடையது என்று யாரும் சண்டைக்கு வர மாட்டோம், தைரியமாகப் போடுங்கள் காக்கா.

ஓய்வுபெற்ற டீச்சர் (மதுரை):

மாற்றாதீர்கள். பணம் கொடுப்பவர் சொன்ன சொல்லைப் போடுங்கள், அவர் ஊரில் அது 849லிருந்து ஓடுகிற சொல். மேலே புனிதர் படத்தைப் பெரிதாக வையுங்கள். ‘பள்ளிப்’ என்று ப் போட மறந்துவிடாதீர்கள், அது ரொம்ப முக்கியம்.